பதினோரு நிமிட மேடு

அத்தியாயம் 7

"திருடன் யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும். உங்களை யாரு கூப்பிட்டாங்கன்னுதான் தெரியல" என்றார் முதலாளி.

அவர் சாதாரணமாகப் பேசினாலே ஜன்னல் கண்ணாடி அதிரும். பத்து வேன்கள் ஓடும் அந்த சரக்கு டிப்போவில், முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர்.

"எங்களைக் கூப்பிட்டது உங்க டிரைவரம்மா" என்றாள் அண்ணி.

"திருடுனவளே துப்பறியறவங்களைக் கூப்பிட்டாளா?"

"அதுதாங்க எங்களுக்கும் ஆச்சரியம்" என்றான் கொழுந்தன். "வழக்கமா திருடுனவங்க எங்களைப் பார்த்தா எதிர்த் தெருவுக்கு மாறிப்பாங்க. தெரு மாறி எங்ககிட்ட வந்தது இவங்க ஒருத்தர்தான்."

அண்ணி பதினைந்து வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டவள். வண்டியின் நசுங்கலைப் பார்த்தே வண்டிக்காரன் சொல்லப்போகும் பொய்யைச் சொல்லிவிடுவாள். பிறகு தனியாகத் துப்பறியும் தொழில் தொடங்கினாள். கொழுந்தன் அவள் கணவனின் தம்பி. வாயால் மூன்று வேலைகளை இழந்தவன். நாலாவதாக அண்ணியிடம் சேர்ந்தான். அந்த வாய்க்காகத்தான் அவள் அவனை வைத்திருக்கிறாள் என்பது அவன் கட்சி.

"எனக்கு முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

முதலாளி ஒரு தாளை எடுத்து மேசைமேல் அறைந்தார்.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் பயிற்சிப் பள்ளி. இருபத்து நாலு மெஷின் ஆர்டர். ஒவ்வொரு பெட்டியும் எண்பது கிலோ. ரெண்டு வேன், வேனுக்குப் பன்னிரண்டு பெட்டி. ஏழாம் நம்பர் வேன் டிரைவரம்மாவோடது. மூணாம் நம்பர் நம்ம சீனியரோடது. முந்தாநாள் சாயங்காலம் ஏத்தினோம். எங்க வழக்கம், சுமையோட வண்டியை டிரைவர் வீட்டுக்கே கொண்டு போயிடுவாங்க. நேத்து காலையில ரெண்டு பேரும் வீட்டுலேருந்து கிளம்பி, மேட்டு அடியில சேர்ந்து, ஒண்ணா மேடு ஏறி, பள்ளிக்கூடத்துல இறக்கிட்டு வந்துட்டாங்க. இன்னைக்குக் காலையில பள்ளிக்கூடத்துல பெட்டியைப் பிரிக்கறாங்க. பன்னிரண்டுல மெஷின். பன்னிரண்டுல தெர்மகோல்!"

"பன்னிரண்டு தெர்மகோலையும் இறக்கினது யாருன்னு பெட்டியில அடையாளம் இருக்கா?"

"இல்ல. எல்லாம் ஒரே மாதிரி பெட்டி. எல்லாத்தையும் ஒண்ணா கலந்து அடுக்கிட்டாங்க. ஆனா எனக்கு அடையாளம் வேணாம்." அவர் தாளைத் தட்டினார். "வண்டி எங்க போகுது, எவ்வளவு வேகம்னு காட்டற டிராக்கர் கணக்கு இது. மேடு பத்துக் கிலோமீட்டர். நேத்து ரெண்டு வண்டியும் பதினோரு நிமிஷத்துல ஏறியிருக்கு."

"சரி."

"என்ன சரி? மூணாம் நம்பர் நூத்தி அறுபத்தஞ்சு குதிரை சக்தி. ஒரு டன் சுமையோட பதினோரு நிமிஷத்துல ஏறும். ஏழாம் நம்பர் வெறும் நூத்திப் பத்து. பின்கதவுலேயே எழுதியிருக்கு, போய்ப் பாருங்க. நான் இருபது வருஷம் ஸ்டீயரிங் பிடிச்சவன். ஒரு டன்னை வெச்சுக்கிட்டு நூத்திப் பத்து குதிரை அந்த மேட்டைப் பதினோரு நிமிஷத்துல ஏறவே ஏறாது. அப்போ அவ வண்டியில கனம் இல்ல. கனம் இல்லைன்னா தெர்மகோல். தெர்மகோல்னா திருடி. முடிஞ்சுது!"

கொழுந்தன் தலையை ஆட்டினான். "கணக்கு ரொம்ப சுத்தமா இருக்கு அண்ணி. நமக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

மூலையில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தவர் சிரித்தார். சீனியர் என்றால் அவர்தான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வண்டிச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"நானும் பார்த்தேங்க" என்றார் சீனியர். "நான் முன்னால போறேன். கண்ணாடியில பார்த்தா ஏழாம் நம்பர் என் பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வருது. அப்பவே நினைச்சேன், இது காலி வண்டின்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றாள் அண்ணி.

"ஒரு பொம்பளைப் பிள்ளை மேல பழி போடக் கூடாதுன்னு..."

"இப்போ போட்டுட்டீங்களே."

"இப்போ முதலாளி கேட்டாரு."

"பழியை ஸ்டாக் வெச்சிருந்து, ஆர்டர் வந்ததும் டெலிவரி பண்ணியிருக்காரு" என்றான் கொழுந்தன்.

முதலாளி கடிகாரத்தைக் காட்டினார். "மணி பதினொண்ணு. அஞ்சு மணிக்கு நான் போலீசுல புகார் எழுதிக் கொடுக்கப் போறேன். அதுவரைக்கும் நீங்க என்ன வேணா துப்பறிஞ்சுக்குங்க. பொருள் எதையும் உடைக்காதீங்க."

*

டிரைவரம்மா ஏழாம் நம்பர் வேனின் படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தொடும் வயது. அழுது முடித்த முகம். இப்போது அதில் கோபம்தான் மிச்சம்.

"ஆறு வருஷம் இதே டிப்போவுல பார்சல் ஒட்டுனேன் அண்ணி. டேப் ஒட்டி ஒட்டி விரல் ரேகையே போச்சு. அப்புறம் லைசென்ஸ் எடுத்து, கெஞ்சிக் கூத்தாடி, எட்டு மாசம் முன்னாடிதான் இந்தச் சாவியைக் கையில குடுத்தாங்க. புகார் எழுதிட்டா லைசென்ஸ் போயிடும். வேற எந்த டிப்போவுலயும் என்னை வாசல்லகூட நிக்க விடமாட்டாங்க."

"எழுதட்டும், எழுதட்டும். அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. நீங்க இறக்கின பெட்டி கனமா இருந்துச்சா?"

"என்னை ஏன் கேக்கறீங்க, என் முதுகைக் கேளுங்க. ரெண்டு சக்கரத் தள்ளுவண்டியில ஒவ்வொண்ணா சாய்ச்சு இறக்கறதுக்குள்ள ஒடிஞ்சு போச்சு."

"பள்ளிக்கூடத்துல யாரு முதல்ல இறக்கினது?"

"நான்தான். சீனியர் அண்ணன், 'நீ முதல்ல இறக்கிடும்மா, நான் மெதுவா இறக்கிக்கறேன்'னு சொன்னாரு. எட்டு மாசத்துல அவர் என்கிட்ட அவ்வளவு அன்பா பேசினது அதுதான் முதல் தடவை. நான் ஆபீசுக்குப் போய் ரசீதுல கையெழுத்து வாங்கிட்டு வந்து பார்த்தா, அவரே எல்லாத்தையும் தள்ளுவண்டியில நகர்த்தி, கலந்து அடுக்கி முடிச்சிட்டாரு."

"திடீர்னு வர்ற அன்புதான் இருக்கறதுலயே மோசமான தடயம்" என்றான் கொழுந்தன். "எங்க அண்ணன் ஒரு தடவை அண்ணிக்கு டீ போட்டுக் குடுத்தாரு. அன்னைக்கு அவர் புது ஸ்கூட்டரை மரத்துல விட்டிருந்தாரு."

"நீ சும்மா இரு தம்பி." அண்ணி டிரைவரம்மாவிடம் திரும்பினாள். "மேட்டுல வண்டி திணறலையா?"

"இல்லையே. இது என்னைக்குமே திணறினதில்ல. நோஞ்சான் வண்டின்னு சொல்லித்தான் என் தலையில கட்டுனாங்க. ஆனா சுமையை வெச்சு மேட்டுல விட்டா கழுத்தைத் தூக்கிக்கிட்டு ஏறும். சரி, நாமதான் நல்லா ஓட்டறோம் போலிருக்குன்னு நானும் பெருமைப்பட்டுக்கிட்டேன்."

"சீனியர் வண்டி?"

"அது பெரிய எஞ்சின்னு சொல்லி, ஆறு மாசம் முன்னாடி சண்டை போட்டு வாங்கினாரு. அதுக்கப்புறம் ரெண்டு தடவை கிளட்ச் மாத்தியாச்சு. கேட்டா, 'பெரிய எஞ்சின்னா அப்படித்தான் முரண்டு பிடிக்கும், உனக்குப் புரியாது'ம்பாரு."

அண்ணி வேனின் பின்பக்கம் போனாள். பத்து வேன்களும் ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை. பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு ஓடி, மூலை திரும்பி, பின்கதவில் போய் முடியும். பின்கதவின் மூலையில் வெள்ளிநிற எழுத்தில் 110. மூணாம் நம்பரின் பின்கதவில் 165. அண்ணி ஏழாம் நம்பரின் கோட்டில் விரலை வைத்து, பக்கவாட்டிலிருந்து கதவுக்குத் தேய்த்துக்கொண்டே போனாள். மூலையில் விரல் நின்றது. பிறகு மூணாம் நம்பருக்குப் போய் அதே மாதிரி தேய்த்தாள். பிறகு மற்ற எட்டு வேன்களுக்கும்.

"அண்ணி, வண்டியெல்லாம் துடைச்சுக் குடுக்கறதா ஒத்துக்கிட்டீங்களா?" என்றான் கொழுந்தன்.

அவள் ஏழாம் நம்பருக்கே திரும்பி வந்தாள். ஏழாம் நம்பரின் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தாள். பிளேட்டைப் பிடித்திருந்த திருகாணிகள் இரண்டும் பளபளவென்றிருந்தன. பக்கத்திலேயே துருவேறிய இரண்டு ஓட்டைகள் காலியாக இருந்தன.

"மெக்கானிக் யாரு இங்க?"

"ஸ்பேனர் மாமா. அந்த ஷெட்ல இருக்காரு" என்றாள் டிரைவரம்மா.

ஸ்பேனர் மாமா ஒரு வேனுக்கு அடியிலிருந்து பேசினார். வெளியே வருவதாக இல்லை. செருப்பு மட்டும் பதில் சொல்வது போலிருந்தது.

"மாமா, நூத்திப் பத்து எஞ்சினுக்கும் நூத்தி அறுபத்தஞ்சுக்கும் பார்த்தா வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டாள் அண்ணி.

"எப்படிம்மா தெரியும்? ரெண்டும் ஒரே ரெண்டு லிட்டர் எஞ்சின். ஒரே அச்சு. கம்பெனியிலேயே அதோட கம்ப்யூட்டர்ல ஒண்ணுக்கு அடக்கி வாசிக்கச் சொல்லிடறான், இன்னொண்ணுக்கு முழுத் தொண்டையைத் திறந்து விடறான். மூடியைத் திறந்து பார்த்தா ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும்."

"ஓட்டினா தெரியாதா?"

"காலி வண்டியா? டவுனுக்குள்ள, சிக்னலுக்குச் சிக்னல் நின்னு போற ஓட்டத்துல ரெண்டும் ஒண்ணுதான். மனுஷன் மாதிரிதாம்மா. சும்மா இருக்கும்போது எல்லாரும் பலசாலி. சுமையைத் தூக்கிக்கிட்டு மேடு ஏறச் சொல்லு, அப்போ தெரியும் யாரு என்னன்னு. இழுவைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இந்த வண்டிங்க பின்பக்கம் இடிபடறது உண்டா?"

"தினமும்! பின்னால எடுக்கும்போது கண்ணை மூடிக்கிட்டு எடுக்கறாங்க. கேமரா வெச்சாச்சு, பீப் பீப்னு சத்தம் வெச்சாச்சு. பீப் சத்தத்துக்கு ஒத்தாப்ல தாளம் போட்டுக்கிட்டே இடிக்கறாங்க."

அண்ணி விரலில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். திருப்தியாகத் தலையசைத்தாள்.

"தம்பி, முதலாளியைக் கூப்பிடு. அவர் இருபது வருஷம் ஸ்டீயரிங் பிடிச்ச கையைக் கொஞ்சம் பார்க்கணும்."

*

டிப்போவின் ஓரத்தில் தரைக்குப் பதிக்கும் ஓடுகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. பெட்டி இருபது கிலோ. நாற்பத்தெட்டுப் பெட்டி ஏற்றினால் பன்னிரண்டு தையல் மெஷினின் கனம் வந்துவிடும். ஆட்கள் ஏழாம் நம்பரில் ஏற்றினார்கள். வேன் பின்னால் உட்கார்ந்தது.

"ஓட்டப்போறது நானா?" என்றார் முதலாளி.

"டிரைவரம்மா ஓட்டினா, ஏதோ பண்ணிட்டாங்கன்னு சொல்வீங்க. சீனியர் ஓட்டினா நான் சொல்லுவேன். நீங்க ஓட்டினா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"பதினேழு பதினெட்டு நிமிஷம் ஆகும் பாருங்க. சொல்லிட்டேன்."

"ஆகட்டும். இந்த 'எகோ'ன்னு போட்ட பச்சைப் பொத்தானை மட்டும் அணைச்சிடுங்க. அது டீசல் மிச்சம் பிடிக்கறேன்னு எஞ்சினைப் பாதித் தூக்கத்துல வெச்சிடும். நாளைக்கு அதுமேல சாக்கு சொல்லக் கூடாது."

மூன்று பேர் உட்காரும் முன்சீட்டில் முதலாளி, அண்ணி, கொழுந்தன். மேட்டின் அடியில் கொழுந்தன் கைக்கடிகாரத்தை அழுத்தினான். முதல் வளைவு வரை முதலாளியின் முகத்தில் ஒரு ஏளனம் இருந்தது. இரண்டாவது வளைவில் அது சற்றுக் குழம்பியது. மூன்றாவதில், முன்னால் போன தண்ணீர் லாரியைத் தாண்ட லேசாக அழுத்திப் பார்த்தார். வேன் உறுமிக்கொண்டு லாரியை விட்டு விலகியது.

"ஏய்!" என்றார் முதலாளி.

நாலாவது வளைவில் அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்தாவதில் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஆறாவதில் சீட்டி அடித்தார்.

"சார், நாம ஒரு திருட்டு கேசுல வந்திருக்கோம்" என்று ஞாபகப்படுத்தினான் கொழுந்தன்.

"பேசாதீங்க, வளைவு வருது!"

உச்சியில் நிறுத்தினார். கொழுந்தன் கடிகாரத்தை நீட்டினான். பத்து நிமிஷம் ஐம்பது வினாடி.

முதலாளி ஸ்டீயரிங்கைத் தடவிக் கொடுத்தார். அப்புறம்தான் அவருக்குத் தன் நிலைமை உறைத்தது.

"அப்போ... இந்த வண்டி சுமையோடயும் ஏறும். அவ சுமையோடதான் போயிருக்கா. அப்போ சீனியர் வண்டி? அது இதைவிடப் பலசாலி, அதுவும் ஏறும். ரெண்டு பேரும் மெஷினோடதான் போயிருக்காங்க. அப்போ தெர்மகோல் தானா முளைச்சுதா?"

"கணக்கு சுத்தமா இருந்துச்சுன்னு சொன்னேன்ல" என்றான் கொழுந்தன். "இப்போ ரொம்பவே சுத்தமாயிடுச்சு. திருடனே இல்ல."

அவர்கள் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் சீனியரின் விரலில் சாவி நின்றது. ஒரே ஒரு நொடி. பிறகு மறுபடி சுழன்றது.

"முதலாளி, இதுல என்ன அதிசயம்? கள்ளத்தனமா கம்ப்யூட்டரை மாத்தி எஞ்சின் சக்தியை ஏத்தி விடறவங்க இருக்காங்கல்ல? யாரையோ பிடிச்சு வண்டியில அந்த வேலையைப் பண்ணியிருக்கா. இன்னைக்குப் பெட்டியைத் திருடினவ, அன்னைக்கு எஞ்சினையே தொட்டிருக்கா!"

முதலாளியின் முகம் மறுபடி சிவந்தது. "அதானே! கம்பெனி வண்டியில கை வெச்சியா? வாரண்டி போச்சு! ரெண்டு புகாரா எழுதறேன்!"

டிரைவரம்மா எழுந்தே விட்டாள். "சார், எனக்கு டயர் மாத்தத் தெரியும், எண்ணெய் பார்க்கத் தெரியும். கம்ப்யூட்டர்ல எனக்கு என் பொண்ணோட மார்க் பார்க்கத்தான் தெரியும். அதுவும் அவளே காட்டினாத்தான்."

"அண்ணி, நம்ம கட்சிக்காரர் மேல இப்போ ரெண்டு கேசு" என்று காதைக் கடித்தான் கொழுந்தன். "நாம வந்ததுக்கு ஒரு முன்னேற்றம்."

மணி இரண்டரை. அண்ணி ஓடுப் பெட்டிகளைக் காட்டினாள்.

"அந்த நாற்பத்தெட்டையும் இறக்கி மூணாம் நம்பர்ல ஏத்துங்க."

"எதுக்குங்க?" என்றார் சீனியர் சட்டென்று. "அது நூத்தி அறுபத்தஞ்சு. ஏறும்னு எல்லாருக்கும் தெரியுமே. வீணா டீசல் எதுக்கு?"

"பெரிய எஞ்சினைப் பத்தி எனக்குப் புரியாதுன்னு சொல்றாங்க. புரிஞ்சுக்கலாம்னுதான்."

"கிளட்ச் புதுசு. இன்னும் பழகல."

"முதலாளி கை பழகின கைதானே."

"டயர்ல காத்து..."

"நாலு டயரையும் நானே பார்த்துட்டேன் சீனியர்" என்றான் கொழுந்தன். "உங்க முகத்துலதான் காத்து இறங்குது."

இந்த முறை முதலாளி ஆசையோடு ஏறினார். நூற்றிப் பத்தே அப்படிப் பறந்தால் நூற்று அறுபத்தைந்து எப்படிப் பறக்கும்! அண்ணி பச்சைப் பொத்தானை அணைத்தாள். கொழுந்தன் கடிகாரத்தை அழுத்தினான்.

முதல் வளைவில் முதலாளி மூன்றாம் கியருக்கு இறங்கினார். இரண்டாவதில் இரண்டாம் கியர். எஞ்சின் ஓவென்று அலறியது. வண்டி மட்டும் நகர மனமில்லாமல் ஊர்ந்தது. பின்னால் வந்த கார் ஒலி எழுப்பியது. பிறகு ஒரு பஸ். கடைசியில், முதல் ஓட்டத்தில் பார்த்த அதே தண்ணீர் லாரி, இரண்டாவது நடையாக வந்து நிதானமாக அவர்களைத் தாண்டிப் போனது. லாரி டிரைவர் திரும்பிப் பார்த்துக் கையை வேறு ஆட்டினான்.

"எனக்கா கை ஆட்டினான்?" என்றார் முதலாளி, ஹாரனே இல்லாத குரலில்.

"இறங்கித் தள்ளணுமா சார்? எனக்குக் கூச்சமில்ல."

உச்சியில் பதினேழு நிமிஷம் இருபது வினாடி.

முதலாளி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். "ஒண்ணும் புரியலைங்க."

"வண்டியோட பதிவுப் புத்தகம் எங்க இருக்கு?" என்றாள் அண்ணி.

"பீரோவுல. யாரு அதைப் பார்க்கறா?"

"அதைத்தான் யாரும் பார்க்கல."

*

டிப்போவின் நடுவில் ஒரு ஓடுப் பெட்டிமேல் இரண்டு புத்தகங்களும் விரித்து வைக்கப்பட்டன. எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஸ்பேனர் மாமாவும் வேனுக்கு அடியிலிருந்து முழுசாக வெளிவந்தார். அவருக்கு முகம் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது.

"படிங்க" என்றாள் அண்ணி.

"ஏழாம் நம்பர்... சக்தி, நூத்தி இருபத்தொரு கிலோவாட். மூணாம் நம்பர்... எண்பத்தொரு கிலோவாட்." முதலாளி நிமிர்ந்தார். "இதுல குதிரையே இல்லையே? நமக்குக் குதிரைக் கணக்குதானே தெரியும்!"

"அதனாலதான் யாரும் ஒத்துப் பார்க்கல. கதவுல குதிரை, புத்தகத்துல கிலோவாட். மாமா, நூத்தி இருபத்தொண்ணுன்னா எத்தனை குதிரை?"

ஸ்பேனர் மாமா உள்ளங்கையில் விரலால் எழுதினார். "நூத்தி அறுபத்தஞ்சு."

"எண்பத்தொண்ணு?"

"நூத்திப்... அடடா." அவர் கை அப்படியே நின்றது. "அடக் கடவுளே. கதவு!"

"நீங்களே சொல்லுங்க மாமா."

"ஒண்ணரை வருஷம் இருக்கும். ஏழாம் நம்பரைக் கொண்டு போய் ஒரு தூண்ல இடிச்சுட்டாங்க. பின்கதவு ரெண்டும் பப்படம் மாதிரி. அன்னைக்கு மூணாம் நம்பர் கியர் பாக்ஸ் பிரிச்சுப் போட்டு ஷெட்ல கிடந்துச்சு. ஓடாத வண்டிக் கதவைக் கழட்டி ஓடற வண்டிக்கு மாட்டறது இங்க வாடிக்கைதானே. மூணாம் நம்பர் கதவு ஏழுக்குப் போச்சு. நசுங்கின கதவைத் தட்டிச் சரி பண்ணி, பெயின்ட் அடிச்சு மூணுக்கு மாட்டினேன். நம்பர் பிளேட்டை ஞாபகமா மாத்திட்டேன். போலீஸ் பிடிப்பான்ல! ஆனா அந்த வெள்ளி எழுத்து..."

"அதுக்குப் போலீஸ் பிடிக்கமாட்டான்" என்றாள் அண்ணி. "மத்த எட்டு வண்டியிலயும் சிவப்புக் கோடு மூலையில சரியாச் சேருது. ஏழுலயும் மூணுலயும் மட்டும் ஒரு விரற்கடை மேலும் கீழுமா நிக்குது. அளவு மாறின ரவிக்கைக் கை மாதிரி. அப்பவே தெரிஞ்சுது, கை வேற உடம்பு வேற."

முதலாளியின் கண்கள் மெதுவாகச் சீனியர் பக்கம் திரும்பின.

"அப்போ மூணாம் நம்பர்தான் நூத்திப் பத்து."

"ஆமா."

"ஒரு டன் சுமையோட அது பதினேழு நிமிஷம்."

"ஆமா."

"நேத்து பதினோரு நிமிஷம்."

"நீங்க காலையில சொன்ன கணக்கு அப்படியே சரிங்க" என்றாள் அண்ணி. "நூத்திப் பத்து குதிரை சுமையோட பதினோரு நிமிஷத்துல ஏறவே ஏறாது. அதுல கனம் இல்ல. கனம் இல்லைன்னா தெர்மகோல். வண்டியைத்தான் மாத்திப் பார்த்துட்டீங்க."

சாவி இப்போது சுழலவில்லை. சீனியரின் வேர்த்த கையில் கிடந்தது.

"அதுவும் பாவம், இவர் யாரையும் மாட்டிவிடணும்னு திட்டம் போடல" என்றாள் அண்ணி. "தன்னோடது பெரிய எஞ்சின், வெறும் பெட்டியோட வேகமாப் போனாலும் யாரும் சந்தேகப்படமாட்டாங்கன்னு நினைச்சாரு. டிரைவரம்மா பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வந்தது இவருக்கே அதிர்ச்சி. ஆனா இன்னைக்குக் காலையில டிராக்கர் தாளைப் பார்த்ததும், அதையே பிடிச்சுக்கிட்டாரு. அந்தத் தாளே இப்போ இவரைக் காட்டிக் குடுத்துடுச்சு."

"ஆறு மாசமா அந்தச் சனியனோட மல்லுக்கட்டறேன்" என்று வெடித்தார் சீனியர். "நூத்தி அறுபத்தஞ்சுன்னு நம்பி, என் கால்லதான் கோளாறுன்னு நினைச்சு, முட்டிக்கு டாக்டர்கிட்டக்கூடப் போனேன்!"

"திருட்டை விடுங்க, அந்த முட்டி வைத்தியத்துக்காவது நஷ்டஈடு கேளுங்க" என்றான் கொழுந்தன்.

"மெஷின் எங்க?" முதலாளியின் குரலில் ஹாரன் திரும்பியிருந்தது. கூரையில் புறாக்கள் பறந்தன.

"என் மச்சான் வீட்டுக் கார் ஷெட்ல. முந்தாநாள் ராத்திரி என் வீட்டுல வெச்சு, பெட்டியைப் பிரிச்சு மாத்திட்டோம். அவன் ரெடிமேட் சட்டை தொழில் ஆரம்பிக்கறான். என் தங்கச்சி வாழ்க்கைன்னு..." அவர் தலை குனிந்தார். "பன்னிரண்டும் அப்படியேதான் இருக்கு. ஒண்ணுல மட்டும் அவன் ஒரு தலையணை உறை தெச்சுப் பார்த்துட்டான்."

ஐந்து மணிப் புகார் நாலு மணிக்கே எழுதப்பட்டது. சீனியரை ஆபீஸ் அறையில் உட்கார வைத்து, ஸ்பேனர் மாமா கதவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "இந்தக் கதவை மாத்தமாட்டேன்" என்றார்.

முதலாளி டிரைவரம்மா முன்னால் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். மன்னிப்பு கேட்டுப் பழகாத மனிதர். வார்த்தை எங்கே இருக்கிறது என்று சட்டைப் பையிலெல்லாம் தேடுவதுபோல் தடவினார்.

"நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல வகுப்பு ஆரம்பிக்கறாங்க. இன்னைக்கே மெஷின் போய்ச் சேரணும். நீதான் ஓட்டணும்மா. வேற யாரையும் நான் நம்பல."

டிரைவரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓட்டறேன் சார். ஏத்தறதுக்கு ஆளு?"

"ஆளுங்கதான் இருக்காங்களே."

"நாற்பத்தெட்டுப் பெட்டியை ரெண்டு தடவை ஏத்தி இறக்கி, எல்லாரும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நீங்க வாங்க."

"நானா?"

"திருடினது நான்னு சொல்ல வந்தீங்கல்ல? திருடினதை எடுத்து வைக்கவும் வாங்க."

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள். அந்த நாளிலேயே அவன் பேசாமல் விட்ட ஒரே இடம் அதுதான்.

மச்சான் வீட்டு ஷெட்டில், மேசையும் மோட்டாரும் சேர்ந்த முதல் தையல் மெஷினின் ஒரு முனையை டிரைவரம்மா பிடித்தாள். மறுமுனையை முதலாளி பிடித்தார். மூச்சை இழுத்துத் தூக்கினார். முழங்கால் உயரம்தான் வந்திருக்கும், முகம் சிவந்து கண் பிதுங்கியது.

"அம்மாடி, இது என்ன இந்தக் கனம் கனக்குது!"

"அதைத்தான் சார் காலையிலேருந்து உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் டிரைவரம்மா. "இன்னும் பதினொண்ணு இருக்கு. நிமிருங்க."